நான்கு சாம்ப்ளர், ஒரு ஜோடிக் கை

1

முதலில் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாவல் எழுத வேண்டிய மூன்று மாதத்தை, சாம்ப்ளர்களை ஒப்பிடும் வீடியோக்கள் பார்த்தே தீர்த்தேன். எனக்குத் தாளம் போடத் தெரியாது. அந்தப் பெட்டி எதையும் வாங்கும் உத்தேசமும் இல்லை. ஆனால் ஒருவன் இரண்டு பெட்டிகளை அருகருகே வைத்துக்கொண்டு, "இதில் பேஸ் கொஞ்சம் உருண்டையாக இருக்கிறது" என்று சொல்வதைச் சாதம் வேகும்வரை பார்க்கலாம் என்று உட்கார்ந்தால், சாதம் அடிப்பிடித்துவிடுகிறது.

தெரியாதவர்களுக்காக: சாம்ப்ளர் என்பது ஒலியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பெட்டி. கதவு சாத்தும் சத்தம், இருமல், எதை வேண்டுமானாலும் அதற்குக் கொடுக்கலாம். கொடுத்ததைத் துண்டு போட்டு, ஒவ்வொரு துண்டையும் ஒரு பட்டனில் உட்காரவைத்து, விரலால் தட்டித் தட்டி பீட் உண்டாக்குவார்கள். அவ்வளவுதான் விஷயம். இந்த அவ்வளவுதானை வைத்து ஒருவன் அறுபத்தெட்டு வீடியோ போட்டிருந்தான்.

அதில் ஒன்றில், பட்டன்கள்மேல் ஓடிய அவனுடைய இடது கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில், சரியாக அழிக்கப்படாத சிவப்பு நகப்பூச்சு தெரிந்தது. அரை விநாடிதான். திரும்ப ஓட்டிப் பார்த்தேன். இருந்தது. இந்தக் கதை அங்கேதான் பிறந்தது. மற்றதெல்லாம் நானாக இட்டுக்கட்டியது. இதில் யாரும் தங்களைத் தேட வேண்டாம்.

2

முதல் வாக்கியம் தேடினேன்.

சேலையூரில் விடாமல் மழை பெய்துகொண்டிருந்த ஒரு (நிறுத்திவிட்டேன். மழையில் ஆரம்பிக்கிற கதைகளை நானே படிப்பதில்லை.)

ஷெர்வின் ஒரு கலைஞன், ஆனால் (முதல் பாதி பொய். இரண்டாம் பாதிக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை.)

ஷெர்வினிடம் நான்கு சாம்ப்ளர்கள் இருந்தன. முடித்த பாட்டு ஒன்றுகூட இல்லை.

இது போதும். முப்பத்தாறு வயது. சோழிங்கநல்லூரில் ஒரு கம்பெனியில் டீம் லீட். கேம்ப் ரோட்டுக்குப் பின்னால் மூன்றாம் மாடி ஃப்ளாட். மனைவி சுஜி, தாம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, உள்ளே நீல விளக்கு, வெளியே பூட்டு. சாவி அவன் பைக் சாவிக்கொத்தில். அலமாரிக்குள் மூன்று: எம்.பி.சி. பெரியது, தொடுதிரை உள்ளது, ஒரு முழுப் பாட்டையும் அதிலேயே முடிக்கலாம். எஸ்.பி. ஒலியைக் கொஞ்சம் அழுக்காக்கித் தரும், பழைய கேசட்டில் கேட்பதைப் போல. டிஜிடாக்டில் தாளத்தைக் கட்டம் கட்டமாக அடுக்கலாம்.* நான்காவது கால்குலேட்டர் அளவுதான். மேலுறைகூட இல்லாத வெறும் சர்க்யூட் பலகை. மொத்தமே நாற்பது விநாடி ஒலியைத்தான் கொள்ளும். அதை "டாய்" என்பான். அதற்கு அலமாரியில் இடமில்லை.

* பெயர்கள் கடையில் கிடைப்பவை. அபிப்பிராயங்கள் ஷெர்வினுடையவை. சண்டை போட அவனிடம் போங்கள்.

"வார்ம்" (ஒலியில் இதம்), "கிரன்ச்" (ஒலியில் கரகரப்பு), "ஒர்க்ஃப்ளோ" (வேலை ஓடும் வரிசை) ஆகிய மூன்று சொற்களை வைத்துக்கொண்டு அவனால் இருபத்திரண்டு நிமிடம் பேச முடியும். தட்டத்தான் வராது. நாலு தட்டுக்கு ஒரு தட்டு தள்ளி விழும். இரண்டாவது வீடியோவின் கீழே ஒருத்தி அதை எழுதியே விட்டாள்: "அண்ணா, டைமிங் உதைக்குது." அவள்தான் வெண்ணிலா. அனகாபுத்தூர்க்காரி, இருபத்தொன்பது வயது, பம்மலில் ஒரு ஸ்கேன் சென்டரில் எக்ஸ்ரே எடுப்பவள். கனடா போன ஒருவன் விற்றுவிட்டுப் போன பழைய சாம்ப்ளர் ஒன்றை வீட்டில் வைத்திருந்தாள். அவளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டான் ஷெர்வின். ஐந்தாவது வீடியோவிலிருந்து கை அவளுடையது, குரல் அவனுடையது. கேமரா மேலேயிருந்து கைகளை மட்டும் பார்க்கும்.

நகப்பூச்சை அழிக்கச் சொன்னான்: "வியூவர்ஸ் டிஸ்ட்ராக்ட் ஆவாங்க." வளையலைக் கழற்றச் சொன்னான்: "மைக்ல சத்தம் வருது." இரண்டாவது காரணம் உண்மையாகக்கூட இருக்கலாம்.

(இங்கே எனக்கே வெண்ணிலாமேல் சந்தேகம் வந்தது. இவ்வளவு சுரணை உள்ளவள் எதற்கு ஒப்புக்கொண்டாள்? மூன்று நாள் யோசித்தேன். பதில் சாதாரணமானது. வீடியோ எடுக்கும்போது மட்டும்தான் அந்த அலமாரி திறக்கும், அந்தப் பெட்டிகளில் அவள் கை வைக்க முடியும்.)

தன் பெயரைப் போடச் சொல்லி ஒரு தடவை கேட்டாள். "போடலாம். எங்க போட்டா நல்லாருக்கும்னு பாக்கறேன்" என்றான். ஒன்றரை வருடமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

3

மழை வந்தே தீர வேண்டியிருக்கிறது, மன்னியுங்கள். டிசம்பர் புயலில், ஒரு செவ்வாய்க்கிழமை, அடையாற்றுத் தண்ணீர் வெண்ணிலாவின் சந்துக்குள் வந்தது. அவளும் அம்மா ரேணுகாம்பாளும் முதல் நடையில் கேஸ் சிலிண்டரையும், அம்மாவின் சர்க்கரை மாத்திரைகளையும், சான்றிதழ்ப் பையையும் மாடிவீட்டுக்குக் கொண்டுபோனார்கள். இரண்டாம் நடைக்கு இறங்கியபோது கட்டில் மிதந்துகொண்டிருந்தது. கட்டில்மேல் வைத்திருந்த சாம்ப்ளர் கட்டிலுக்கு அடியில் இருந்தது.

சனிக்கிழமை அவளுக்கு ஒரு தேர்வு. கூடுவாஞ்சேரியில் சின்மயி என்பவர் நடத்தும் நடனக்குழு ஆறு மாதம் ஊர் ஊராகப் போகவிருந்தது. மேடையிலேயே உட்கார்ந்து வாசிக்க ஓர் ஆள் தேடினார்கள். போன வருடம் நடு நிகழ்ச்சியில் லேப்டாப் உறைந்துபோய் மானம் போனதால் ஒரே நிபந்தனை: லேப்டாப் கூடாது, கையால் வாசிக்க வேண்டும். அடுத்தவர்களின் நெஞ்செலும்பைப் பார்த்தே தன் வாழ்நாள் ஓடிவிடுமோ என்று வெண்ணிலா பயந்துகொண்டிருந்த நேரம் அது.

புதன்கிழமை காலையில் ஷெர்வினுக்கு போன் செய்தாள்.

"அண்ணா, மெஷின் பூட்ச்சுண்ணா. தண்ணில முழுகிப் பூட்ச்சு."

"ஐயோ. வாட்டர் டேமேஜா? எந்த மாடல் அது, மதர்போர்டு எப்படி..."

"அத்த வுடுண்ணா. சனிக்கெயம எனுக்கு செலக்‌ஷன் கீது. உன்னாண்ட நாலு கீதுல்ல, ஒன்னு குடு. கைய பழக்கிக்கணும். ஞாயித்துக்கெயம கொணாந்து குட்த்துடறேன்."

"கண்டிப்பா வெண்ணிலா. எது வேணும்?"

"எது குட்த்தாலும் சரிண்ணா."

ஷெர்வினுக்குச் சுருக்கென்றது. எது கொடுத்தாலும் சரியா? அறுபத்துநாலு வீடியோவுக்குக் கூடவே இருந்து வாசித்தவள் சொல்கிற பேச்சா இது? பல்லாவரம் சந்தையில் வெங்காயம் கேட்பதுபோல் கேட்கிறாளே என்று நினைத்தான். அவன் கெட்டவனில்லை. அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும், நீங்களாகக் கண்டுபிடிக்க வாய்ப்பில்லை.

"நாளைக்கு வீட்டுக்கு வா. உனக்கு எது செட் ஆகும்னு பார்த்துக் குடுக்கறேன்" என்றான்.

4

வியாழக்கிழமை வெண்ணிலா லீவு போட்டுவிட்டு, செருப்பில் சேறு அப்ப, இரண்டு பஸ் மாறி வந்தாள். கூடத்தில் விளக்குகள் எரிந்தன. மேஜைமேல் மூன்று சாம்ப்ளர்கள் வரிசையாக இருந்தன. கேமரா மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தது. ஷெர்வின் தலைப்புகூட வைத்துவிட்டிருந்தான்: "வெள்ளத்துக்குப் பிறகு எந்த சாம்ப்ளர்?"

(இந்தத் தலைப்பைக் கற்பனை செய்ததற்காக நான் பெருமைப்பட முடியாது. இதைவிட மோசமானவற்றைப் பார்த்திருக்கிறேன்.)

அவளுடைய ஒலிகள் போனில் பத்திரமாக இருந்தன. அதனால் தேர்வுக்காகச் செய்து வைத்திருந்த பீட்டையே வாசித்தாள். எக்ஸ்ரே அறையின் ஈயக்கதவு மூடுகிற 'தொம்' தான் அடித்தாளம். மெஷின் பட்டனின் 'கீ' மேல்தாளம். நடுவில் அவள் நாள் முழுக்க நோயாளிகளிடம் சொல்லும் வார்த்தைகள்: "மூச்ச இழுங்க... அப்டியே நிறுத்துங்க... வுடுங்க." எம்.பி.சி.யில் வாசித்தாள். எஸ்.பி.யில் வாசித்தாள். டிஜிடாக்டில் வாசித்தாள். வெளிச்சம் நகத்தில் பட்டுக் கூசுகிறது என்று சொல்லி மூன்றையும் மறுபடி வாசிக்கச் சொன்னான் ஷெர்வின். சாயங்காலமாகிவிட்டது.

"இப்ப ஒன்னு எட்த்துகினு போவட்டாண்ணா?"

"இரு. எம்.பி.சி.ல உனக்கு ஸ்பீடு வருது, எஸ்.பி.ல ஃபீல் வருது. தப்பானத எடுத்துட்டுப் போனா உனக்குத்தான லாஸ்? நான் ஃபுட்டேஜ் பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்."

"பாக்கறதுக்கு இன்னாண்ணா கீது? கை பழகணும்ணா."

"அவசரப்படாத வெண்ணிலா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

(இந்த இடத்தில் அவள் அவனை ஓங்கி ஓர் அறை விடுவதாக எழுதினேன். நன்றாக வந்திருந்தது. அடித்துவிட்டேன், அதாவது அந்தப் பத்தியை. அவளுக்கு அவனிடமிருந்து ஒரு பெட்டி வேண்டும். தேவை இருக்கிறவர்களின் கை அவ்வளவு சுலபமாக ஓங்குவதில்லை. எழுதுகிறவர்கள் நாங்கள் இதை அடிக்கடி மறந்துபோகிறோம்.)

அவள் வெறுங்கையோடு கேட்டைத் தாண்டிப் போனதை சுஜி பால்கனியிலிருந்து பார்த்தாள். "ஏன் ஷெர்வின், ஒண்ணு குடுத்தனுப்பினா என்ன?" என்று கேட்டாள். "உனக்குப் புரியாது" என்றான். அவனுக்குப் புரிந்ததா என்று கேட்டால், ஒரு விநாடி புரிந்தது. ஒன்றைக் கொடுத்து, அவள் அதில் ஜெயித்துவிட்டால், அது எந்த ஒன்றாக இருந்தாலும் போதும் என்றாகிவிடும். அப்புறம் அறுபத்தெட்டு வீடியோ எதற்கு? இந்த எண்ணம் வந்த வேகத்தில் போய்விட்டது. அவன் விளக்குகளை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனான்.

5

வெள்ளிக்கிழமை ஆபீசில் உட்கார்ந்து பதினோரு தலைப்புகளில் ஓர் அட்டவணை போட்டான். 'ஈரப்பதம் தாங்குமா' என்பது ஏழாவது தலைப்பு. மத்தியானம் அதுவும் போதாமல் சேனலில் ஒரு வாக்கெடுப்பு வைத்தான்: "வெள்ளத்தில் மெஷினை இழந்த ஒரு ஆர்ட்டிஸ்டுக்கு நான் எதைக் கொடுக்கலாம்?" பெயர் போடவில்லை. இரண்டாயிரத்து முந்நூறு பேர் ஓட்டுப் போட்டார்கள். எம்.பி.சி.யும் எஸ்.பி.யும் சரிசமமாக நின்றன. பாதிப்பேர் ஷெர்வினின் பெரிய மனசைப் பாராட்டியிருந்தார்கள்.

வெண்ணிலா ஐந்து தடவை கூப்பிட்டாள். ஆறாவது தடவை எடுத்தான்.

"போல்ல ரெண்டும் சமமா நிக்குது வெண்ணிலா. ஈவ்னிங் வரைக்கும் பாக்கலாம்."

"என் கைய கேளுண்ணா. ஊர இன்னாத்துக்குக் கேக்கற?"

அவனுக்கு மீட்டிங் இருந்தது.

6

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் நேராக வீட்டுக்கே வந்துவிட்டாள். ஷெர்வின் இல்லை. சர்ச்சில் கிறிஸ்துமஸ் கேரல் ஒத்திகை. பைக்கை எடுத்துக்கொண்டு போயிருந்தான், பைக் சாவியோடு அலமாரிச் சாவியும் போயிருந்தது, போன் சைலண்டில் இருந்தது. கதவைத் திறந்தது சுஜி.

"வாம்மா. அவர் குடுக்கலையா இன்னும்?"

"இல்லக்கா."

சுஜி அலமாரியின் முன்னால் போய் நின்றாள்.

(அவள் குழவிக்கல்லால் கண்ணாடியை உடைப்பதாக ஒரு பிரதி வைத்திருக்கிறேன். சில்லுகள் நீல வெளிச்சத்தில் பறக்கின்றன. எனக்கு மிகவும் பிடித்த பக்கம். ஆனால் சுஜி கணக்கு டீச்சர். யார் கூட்டுவது என்று ஒரு நொடியில் கணக்குப் போட்டுவிட்டாள்.)

பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். அப்புறம் அடுப்படிக்குள் போய், ஃப்ரிஜ்மேல் இருந்த எவர்சில்வர் கிண்ணத்தைத் துழாவினாள். பழைய சாவிகள், ஒரு டார்ச், ரப்பர் பேண்டுகள். அவற்றுக்கு நடுவிலிருந்து அந்தக் கால்குலேட்டர் அளவு "டாய்" சாம்ப்ளரை எடுத்தாள்.

"இதான் பூட்டாம இருக்கு. இதுல நாப்பது செகண்டுதான் கொள்ளும்பார். பேட்டரிகூட இல்ல, இரு." டி.வி. ரிமோட்டின் முதுகைத் திறந்து இரண்டு பேட்டரிகளைக் கழற்றிப் போட்டாள். குட்டித் திரையில் உயிர் வந்தது. "போதுமா வெண்ணிலா?"

"என்னாண்ட மூணு நிமிசத்துக்கு சத்தம் கீதுக்கா." அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "போற வயில வெட்டிக்கறேன்."

"சாப்டியா?"

"வந்து சாப்புடறேங்க்கா."

சுஜி ஒரு டப்பாவில் இரண்டு இட்லியை வைத்துக் கையில் திணித்தாள். அந்த வீட்டில் அந்த வாரம் நடந்த ஒரே தீர்மானமான காரியம் அதுதான்.

7

இனி ஷெர்வினை விட்டுவிட்டுத்தான் போக வேண்டும். அவன் அங்கே இல்லை. நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை.

தாம்பரம் பிளாட்பாரத்தில் செங்கல்பட்டு வண்டிக்காகக் காத்திருந்தபோது வெண்ணிலா போனிலிருந்த ஒலிகளை வெட்ட ஆரம்பித்தாள். மழைச்சத்தம் போனது. சந்து நாய் போனது. மெஷின் பட்டனில் பாதி போனது. ஈயக்கதவை வைத்துக்கொண்டாள். குரலைப் போனிலிருந்து மாற்றினால் அதுவே பதினைந்து விநாடியைத் தின்றது. அதனால் அந்தப் பலகையிலிருந்த குட்டி மைக்கை வாயருகே பிடித்துப் புதிதாகவே சொன்னாள்: "மூச்ச இழுங்க. அப்டியே நிறுத்துங்க." பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் தன்னையறியாமல் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். அவள் "வுடுங்க" என்றதும்தான் விட்டார். முப்பத்தெட்டு விநாடி ஆகியிருந்தது.

கூடுவாஞ்சேரி வரைக்கும் மடியில் வைத்துத் தட்டிக்கொண்டே போனாள். பட்டன்கள் சின்னவை, விரல் பக்கத்துப் பட்டனில் போய் விழுந்தது. ஊரப்பாக்கம் தாண்டுவதற்குள் விரல் நுனியால் தட்டக் கற்றுக்கொண்டாள். மூன்று நாள் கிடைத்திருந்தால் இன்னும் நன்றாகக் கற்றிருப்பாள். இதை ஷெர்வின் கணக்கில் எழுதிவையுங்கள்.

ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடிக் கூடம். அவளுக்கு முன்னால் வாசித்த இருவரும் பெரிய பெட்டிகளோடு வந்திருந்தார்கள். ஒருவர் ஒயர் மாட்டவே கால் மணி நேரம் எடுத்துக்கொண்டார். வெண்ணிலா பையிலிருந்து அந்தப் பலகையை எடுத்ததும் சின்மயி குனிந்து பார்த்தார். நாற்பது வயதிருக்கும், முழங்காலில் பட்டி கட்டியிருந்தார்.

"இவ்வளவுதான் கொண்டுவந்தீங்களா?"

"இவ்ளோதாங்க."

ஸ்பீக்கரில் மாட்டிவிட்டுத் தட்டினாள். 'தொம்' என்றது ஈயக்கதவு. குழுவின் ஐந்து நடனக்காரர்களும் சும்மா நின்றார்கள். இரண்டாம் சுற்றில் குரல் வந்தது: மூச்ச இழுங்க. ஐந்து நெஞ்சுகளும் ஏறின. அப்டியே நிறுத்துங்க. நின்றன. அதற்கடுத்த பட்டனை அவள் தட்டவில்லை. கதவு மட்டும் தொம், தொம் என்று விழுந்துகொண்டிருக்க, ஐந்து பேரும் அடைத்த மூச்சோடு மெல்லத் திரும்பினார்கள், சாய்ந்தார்கள், ஒருத்தியின் கழுத்து நரம்பு புடைத்தது. தினமும் நாற்பது பேரை மூச்சுப் பிடிக்க வைப்பவளுக்கு ஒரு மனிதன் எவ்வளவு தாங்குவான் என்று தெரியும். அதற்கு ஒரு நூல் முன்னால் தட்டினாள்: வுடுங்க.

சின்மயியும் மூச்சை விட்டார்.

(கைத்தட்டல் எங்கே என்று கேட்பீர்கள். யாரும் தட்டவில்லை. ஒருத்தி தண்ணீர் குடிக்கப் போனாள்.)

"திங்கட்கிழமை காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க. மழை பெய்தாலும்" என்றார் சின்மயி.

8

இடம் கிடைத்ததை வெண்ணிலா சுஜியிடம்தான் முதலில் சொன்னாள். "இது உன்கிட்டயே இருக்கட்டும், வெண்ணிலா" என்றாள் சுஜி. பிறகு வெண்ணிலா ஷெர்வினிடம் சொன்னாள். "நான் சொல்லல? லிமிட்டேஷன்தான் கிரியேட்டிவிட்டி!" என்றான். அவன் எங்கேயும் சொல்லவில்லை. முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து, பிரியாணி சாப்பிட்டுவிட்டு, மூன்று மணிக்கு நேரலையில் உட்கார்ந்தான். தலைப்பு: "நாற்பது விநாடி போதும்! நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த சாம்ப்ளர் ஜெயித்த கதை." ஆயிரத்து நூறு பேர் பார்த்தார்கள். அந்த மூச்சு பீட்டை வர்ணித்து இருபது நிமிடம் பேசினான். அவனுக்கே கண் கலங்கியது. நடிப்பில்லை, அதுதான் சகிக்கவில்லை.

அப்போது பென்னி என்று ஒருவர் எழுதினார்: "ப்ரோ, அந்த மூச்சு பீட்டை லைவ்ல ஒரு தடவை வாசிங்க."

"இன்னொரு நாள் ப்ரோ" என்றான். வாசிங்க ப்ரோ, வாசிங்க ப்ரோ என்று நாற்பது பேர் எழுதினார்கள். எம்.பி.சி.யில் வியாழக்கிழமை ஏற்றிய ஒலிகள் அப்படியே இருந்தன. மேல்கேமராவும் ஓடிக்கொண்டிருந்தது. அறுபத்துநாலு தடவை ஒரு காரியம் தன் பெயரில் நடந்துவிட்டால், நாமே செய்தோம் என்று கை நம்பிவிடும் போலிருக்கிறது. ஷெர்வின் கையை நீட்டினான்.

தொம். தொ. மூச்ச மூச்ச இழு. வுடுங்க. தொம்.

திரையில், தடித்த முட்டிகளும் கல்யாண மோதிரமுமாக இரண்டு கைகள், சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல் பட்டன்களைத் தொட்டுத் தொட்டு எடுத்தன. கமெண்ட் ஓட்டம் ஒரு கணம் நின்றது. பிறகு கொட்டியது. "ப்ரோ கை மாறிடுச்சு." "இது யார் கை?" "அப்போ அது யார் கை?"

சுஜி வாசற்படியில் வந்து நின்று கையைக் கட்டிக்கொண்டாள். ஷெர்வின் அவளைப் பார்த்தான், திரையைப் பார்த்தான், வாயைத் திறந்தான்.

9

இங்கே மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன். முதலாவதில் அவன் வெண்ணிலாவின் பெயரைச் சொல்லிவிடுகிறான், முழுதாக, ஊரோடு சேர்த்து. படித்ததும் என்னை நானே பாராட்டிக்கொண்டேன். அதனாலேயே சந்தேகமாக இருக்கிறது. அவ்வளவு மரியாதையை அவன் இன்னும் சம்பாதிக்கவில்லை. இரண்டாவதில் "நெட் ப்ராப்ளம் கைஸ்" என்று நேரலையை அணைக்கிறான். நடக்கக்கூடியது இதுதான், ஆனால் இதை எழுதக் கை கூசுகிறது. மூன்றாவதில் சுஜி பேசுகிறாள். அதில் அவனைக் காப்பாற்றும் வேலை மறுபடியும் ஒரு பெண் தலையில் விழுகிறது.

மூன்றையும் அருகருகே வைத்து நான்கு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதலாவது வார்ம். இரண்டாவதில் கிரன்ச் இருக்கிறது. மூன்றாவதில்

போதும். எனக்கே என்னைப் பார்க்க அருவருப்பாக இருக்கிறது. அவன் என்ன சொன்னான் என்பதை நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு வரிக்கு மேல் அவனுக்குக் கொடுக்காதீர்கள்.

எழுதியதை வெண்ணிலாவுக்கு அனுப்பிவைக்கவும் வேண்டாம். அந்த மூன்று மணிக்கு அவள் எந்த நேரலையையும் பார்க்கவில்லை. அனகாபுத்தூரில் வெள்ளம் வடிந்திருந்தது. அவளும் ரேணுகாம்பாளும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சுவரில் இடுப்புயரத்துக்கு ஏறியிருந்த சேற்றுக்கோட்டைத் துடைப்பத்தால் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். "ஏழு மணிக்கு அங்க இருக்கணும்னா நாலரைக்கே எய்ந்திருக்கணும்டி, இன்னாத்த கட்டிகினு போவ?" என்று அம்மா கேட்டாள். வெண்ணிலா துடைப்பத்தைச் சாத்திவைத்துவிட்டு, மாடிவீட்டுக் கொடியில் காய்ந்த துணி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்கப் படியேறினாள்.